புது ஆற்றுத் தண்ணீரின் பின்னால்: கல்லணையிலிருந்து பேராவூரணி வரை

கல்லணையிலிருந்து கடைமடை வரை வண்டியிலேயே போக முடியுமா, எத்தனை நாள் ஆகும் என்று இந்தப் பக்கத்தைப் படிக்கும் சிலர் முன்பே கேட்டிருந்தார்கள். போக முடியும். ஒன்றரை நாள் போதும். ஆனால் நான் ஊர் சுற்றிப் பார்க்கப் போகவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். புரட்டாசித் தொடக்கத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு நான் கிளம்பியதற்குக் காரணம் பயம். பேராவூரணிக்குத் தெற்கே எங்கள் வயலில் பயிர் காய்ந்துகொண்டிருந்தது.

எங்கள் வயல் என்று எழுத எனக்கு இன்னும் கூச்சமாகத்தான் இருக்கிறது. திருச்சியில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ரத்தம் பரிசோதிக்கிற வேலை எனக்கு. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்கு நட்டு, களை பறித்து, அறுத்தவர்கள். எங்கள் தெருவில் யார் பெயரிலும் நிலம் கிடையாது. பள்ளிக்கூடம் போகிற வயதில் நான் கோயிலில் முழந்தாளிட்டுக் கேட்டதெல்லாம் ஒன்றே ஒன்று: என் பெயரில் ஒரு வயல் வேண்டும், அதில் என் கையால் விதைக்க வேண்டும், முதல் தண்ணீர் உள்ளே வருவதை வரப்பில் நின்று பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்தேன், கல்யாணம் ஆயிற்று, பிள்ளைகள் வளர்ந்தார்கள். செபம் மட்டும் மாறவில்லை. ஒரு தடவை பேசி முடித்த இடத்தை, நாங்கள் எந்தத் தெரு என்று தெரிந்ததும் தரமாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். இன்னொரு தடவை பத்திரத்தில் வில்லங்கம். பங்குச்சாமியிடம், எங்கள் கோயில் பாதிரியாரிடம், போய் அழுதேன். "விட்டுடாம கேட்டுக்கிட்டே இரும்மா" என்றார். எனக்கு அப்போது அவர் மேல் கோபம்தான் வந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால் இரண்டு மா நிலம் கிடைத்தது. ஒரு ஏக்கரில் மூன்றில் இரண்டு பங்கு. வாய்க்காலின் கடைசி வயல் என்பதால் வேறு யாரும் கேட்கவில்லை. முதல் வருடம் கருவேலத்தை வேரோடு பிடுங்கி, மேடு பள்ளத்தைச் சரி பண்ணியதிலேயே போயிற்று. இந்த ஆவணியில் ஒரு நல்ல மழை பெய்ததும் ஊரில் இருக்கிற என் அண்ணன் சவரியோடு சேர்ந்து சம்பா நெல்லைப் புழுதியில் விதைத்தேன். முளைத்தது. அதன் பிறகு மழை இல்லை. ஆற்றிலோ முறை வைத்து, சில நாள் திறந்து சில நாள் மூடித்தான் தண்ணீர் விட்டார்கள், எங்கள் பக்கம் வந்து சேரவில்லை. வியாழக்கிழமை மாலை அண்ணன் போனில் சொன்னார்: "நுனியெல்லாம் சுருண்டுக்கிச்சு. இன்னும் ரெண்டு மூணு நாளு தாங்கும் பாப்பா. அதுக்கு மேல நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

அன்றுதான் புது ஆற்றில் மறுபடி முறை திறந்திருந்தார்கள். கல்லணைக் கால்வாயை எங்கள் பக்கம் புது ஆறு என்பார்கள். "நீ பின்னாடியே போனா தண்ணி வேகமா வந்துருமா?" என்று என் கணவர் கேட்டார். நியாயமான கேள்விதான். வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டேன்.

வெள்ளி காலை 6.15-க்கு ஸ்கூட்டரில் கிளம்பினேன். சர்க்கார்பாளையம் வழியாகக் காவிரியின் தென்கரையில் போனால் கல்லணை சுமார் 18 கிலோமீட்டர். சாலை குறுகல், எதிரே பேருந்து வந்தால் ஓரத்தில் நின்றுவிடுவது நல்லது. ஏழு மணிக்குக் கல்லணைப் பாலத்தின் மேல் இருந்தேன். பூங்கா, கரிகாலன் சிலை, வறுத்த மீன் கடைகள் எல்லாம் அங்கே உண்டு. எதையும் நான் பார்க்கவில்லை. தெற்கு ஓரத்தில் புது ஆற்றின் மதகுக்கு நேராகப் போய் நின்றேன். பழுப்பாகத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. நிறையத்தான் போனது, ஆனால் என் கண்ணுக்குக் குறைவாகத் தெரிந்தது. பக்கத்தில் டீ ஆற்றிக்கொண்டிருந்தவரிடம், "இதவிட அதிகமா விடுவாங்களாங்க?" என்று கேட்டேன்.

"நேத்து இத்தன இல்லீங்க. இன்னைக்குக் கூடித்தான் இருக்கு," என்றார். என் முகத்தைப் பார்த்துவிட்டு, "எந்த ஊருக்கு?" என்றார்.

"பேராவூரணிக்கும் அங்கிட்டுங்க."

அவர் டீயில் சர்க்கரை கொஞ்சம் அதிகமாகப் போட்டுக் கொடுத்தார். பன்னிரண்டு ரூபாய்.

தஞ்சாவூருக்கு நேராகப் போகாமல் திருக்காட்டுப்பள்ளி வழியாகப் பூண்டி மாதா கோயிலுக்குத் திருப்பினேன். போய்வர இருபது கிலோமீட்டர் சுற்று. அவசரத்தில் இருப்பவள் எதற்குச் சுற்ற வேண்டும் என்று தோன்றும். எனக்கு அங்கே உட்கார வேண்டும் போல இருந்தது. எட்டரை மணிக்குக் கூட்டம் இல்லை. செபமாலையைக் கையில் எடுத்தேன், இரண்டாம் மணிக்கு மேல் விரல் நகரவில்லை. இத்தனை வருடம் கொடு கொடு என்று கேட்டாகிவிட்டது. கொடுத்த பிறகு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. "குடுத்தது நீங்கதானே, இப்ப கருகவிட்டா என்ன அர்த்தம்?" என்று வாய்க்குள் சண்டை போட்டேன். அதையும் செபம் என்றே மாதா எடுத்துக்கொள்வார் என்று நம்பி எழுந்து வந்தேன்.

பூண்டியிலிருந்து தஞ்சாவூர் 35 கிலோமீட்டர். வழியெல்லாம் நடவு. தண்ணீர் முதலில் பாய்கிற தலைப்பு வயல்களில் முழங்கால் அளவு பச்சை நின்றது, வரப்பில் கொக்கு. வேறொரு நாளாக இருந்தால் இறங்கிப் படம் எடுத்திருப்பேன். அன்றைக்கு வயிற்றெரிச்சலாக இருந்தது. அவர்கள் பயிர் செழிப்பாக இருப்பதில் எனக்கு என்ன நஷ்டம் என்று என்னையே திட்டிக்கொண்டு ஓட்டினேன்.

தஞ்சாவூரில் பெரிய கோயிலை ஒட்டியே புது ஆறு போகிறது. பாலத்துக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தேன். தண்ணீர் இருந்தது, கல்லணையில் பார்த்ததைவிடக் கீழே. பழைய பேருந்து நிலையம் பக்கம் ஒரு மெஸ்ஸில் சாப்பாடு 110 ரூபாய். ரசம் நன்றாக இருந்தது என்று எழுத ஆசைதான், ருசி நினைவில்லை. அண்ணனுக்குப் போன் செய்தேன். "இங்க வாய்க்கால்ல பொட்டுத் தண்ணி இல்ல. நீ பதட்டப்படாம வா," என்றார். அவர் பதட்டப்படாதே என்று சொன்னால் நிலைமை மோசம் என்று அர்த்தம். அது எனக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும்.

தஞ்சாவூர் – ஒரத்தநாடு 24 கிலோமீட்டர், அங்கிருந்து பட்டுக்கோட்டை இன்னொரு 24. சாலை நன்றாக இருக்கிறது. ஆற்றை விடாமல் பார்த்துக்கொண்டே போக வேண்டுமானால் அங்கங்கே கரைச் சாலைக்குத் திரும்ப வேண்டும். மண் சாலை, மழை பெய்தால் ஸ்கூட்டர் வழுக்கும். ஒரத்தநாடு தாண்டி அப்படி ஒரு கரையில் திரும்பியபோது ஒரு மதகில் பொதுப்பணித் துறை லஸ்கர் ஷட்டருக்கு கிரீஸ் தடவிக்கொண்டிருந்தார். ஷட்டர் திறந்து மூடுகிற பணியாளரை லஸ்கர் என்பார்கள். தண்ணீர் கெண்டைக்கால் அளவுதான் ஓடியது.

"பேராவூரணிக்கு நாளைக்குள்ள போயிருங்களா?" என்று கேட்டேன்.

"ராத்திரி பட்டுக்கோட்டையத் தாண்டிரும்னு நெனைக்கிறேன்."

"நெனைக்கிறீங்களா, தாண்டிருமா?"

அவர் துணியில் கையைத் துடைத்தார். "நான் தாண்டிரும்னு சொன்னா நீங்க அத நம்பிப் போவீங்க. தாண்டலன்னா நாளைக்கு இங்க வந்து என்னைத்தான் ஏசுவீங்க. எனக்குத் தெரிஞ்சது இவ்வளவுதாங்க."

பட்டுக்கோட்டைக்கு முன்னால் ஒரு பாலத்தில் மாலை ஐந்தரைக்கு வண்டியை நிறுத்தினேன். கீழே ஈர மணல். நடுவில் ஒரு குட்டையில் நாலைந்து எருமைகள் படுத்திருந்தன. அவ்வளவுதான். பகல் முழுவதும் தண்ணீரைப் பின்தொடர்ந்து வந்தவள், அதைப் பின்னால் விட்டுவிட்டு முன்னால் வந்து நிற்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. பட்டுக்கோட்டைப் பேருந்து நிலையத்துக்கு எதிரே விடுதியில் அறை எடுத்தேன். ஒருவருக்கு 750 ரூபாய், சுத்தம், வெந்நீர் கேட்டால் தருவார்கள். தூக்கம் வரவில்லை, அதற்கு விடுதியைக் குறை சொல்ல முடியாது.

சனி காலை வெளிச்சம் வந்ததும் அந்தப் பாலத்துக்கே திரும்பிப் போனேன். எருமைகள் இல்லை. கரைக்குக் கரை தண்ணீர். சருகும் நுரையும் மிதந்து வந்தன, ஒரு செருப்பும் வந்தது. "ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். பக்கத்தில் பால் கேனோடு நின்றவர் திரும்பிப் பார்த்தார்.

பட்டுக்கோட்டையிலிருந்து பேராவூரணி 24 கிலோமீட்டர். வயல்கள் குறைந்து தென்னந்தோப்புகள் கூடிக்கொண்டே வரும். பேராவூரணியில் இட்லி சாப்பிட்டுவிட்டு (நாலு இட்லி, 40 ரூபாய்) எங்கள் ஊருக்குப் போனபோது எட்டு மணி இருக்கும். ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும். அண்ணன் வயலில் நின்றிருந்தார். பயிர் பழுத்து வைக்கோல் நிறத்துக்கு மாறிக்கொண்டிருந்தது. குனிந்து தொட்டால் இலை ஊசிபோலச் சுருண்டிருந்தது, அடியில் மட்டும் கொஞ்சம் பச்சை. மண் வெடிப்பில் என் சுண்டுவிரல் போயிற்று.

பத்து மணிக்குக் கிளை வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. ஓடிப் போய்ப் பார்த்தோம். அங்கிருந்து எங்கள் வயலுக்கு வருகிற சின்ன வாய்க்கால் ராஜேஸ்வரி அம்மாவின் தென்னந்தோப்பை ஒட்டிப் போகிறது. தோப்பின் தலைப்பில் மண் போட்டு அடைத்திருந்தது. அதற்குக் கீழே இருநூறு அடிக்கு வாய்க்காலே தெரியவில்லை. தென்னமட்டை, பாளை, உரித்துப் போட்ட தேங்காய் மட்டை, அதன் மேல் கோரை. கீழே யாரும் நெல் போடாத வருடங்களில் அது அப்படியே தூர்ந்துபோயிருந்தது. மழைக்கு முன்பே அண்ணன் சுத்தம் பண்ணக் கேட்டபோது, பிறகு பார்க்கலாம் என்று அந்த அம்மா தள்ளிவிட்டாராம். ராஜேஸ்வரி அம்மாவுக்கு அறுபது வயதுக்கு மேல். வீட்டுக்காரர் இல்லை, இரண்டு மகன்களும் சிங்கப்பூரில். எங்கள் அம்மா அவர்கள் வயலில் நடவு நட்டவர்.

கேட்டுக்கு வெளியே நின்று கூப்பிட்டேன். வந்தார்.

"ஜெசிந்தாவா? எப்ப வந்த?"

"காலையிலதாங்கம்மா. வாய்க்கால்ல தண்ணி வந்துருச்சு. அடைப்ப எடுத்துவிடணுங்க. பயிரு போயிரும் போல இருக்கு."

"இத்தன வருஷமா இதுல தண்ணி போனதில்லையேம்மா. இப்ப புதுசா எப்படி?"

வாய்க்கால் புறம்போக்கு, யாரும் அடைக்க உரிமை கிடையாது என்று நாக்கு நுனி வரை வந்துவிட்டது. பட்டா, வரைபடம் எல்லாம் என் போனில் இருந்தன. தாலுகா ஆபீசுக்குப் போனால் திங்கட்கிழமைதான் ஆள் இருப்பார்கள், அதுவரை பயிர் தாங்காது. அண்ணன் என் முழங்கையைத் தொட்டார். போனை வெளியே எடுக்கவில்லை. பழைய நாளில் எங்கள் அம்மா இதே இடத்தில் எப்படி நின்றிருப்பார் என்ற நினைப்பு வேறு வந்து படுத்தியது.

ராஜேஸ்வரி அம்மா வாய்க்கால் பக்கம் கையைக் காட்டினார். "அந்தக் கரை பூரா எலிப் பொந்தும் நண்டு வளையும். ஒடைஞ்சு தோப்புக்குள்ள வந்துச்சுன்னா யாரு பாப்பா? முன்னாடி ஒரு தடவ அப்படி வந்து மோட்டார் கொட்டகையே முழுகிப் போச்சு. நான் ஒண்டிக்கட்டம்மா."

அவருக்கும் பயம்தான் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"நான் இருக்கேங்கம்மா. தண்ணி போற வரைக்கும் இந்தக் கரையிலயே உக்காந்திருக்கேன். ஒடஞ்சா நான் அடைக்கிறேன்."

"உங்க அண்ணன இருக்கச் சொல்லாத. அவன் போன் பேசிக்கிட்டே எங்கயாவது போயிருவான். நீ இருப்பியா?"

"இருக்கேங்க."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று யோசித்தேன்.

அண்ணனும் நானும் தெருவிலிருந்து வந்த இரண்டு பேருமாக வாய்க்காலை வெட்டி முடிக்க இரண்டரை மணி ஆயிற்று. கையெல்லாம் கோரை அறுத்த கோடு. அடைப்பை எடுத்ததும் தண்ணீர் மெதுவாக, வழியைத் தேடித் தேடி நகர்ந்தது. அண்ணனும் மற்ற இருவரும் வயல் வாய்மடையைத் திறக்க மண்வெட்டியோடு ஓடினார்கள். நான் கரையில் உட்கார்ந்தேன். அங்கிருந்து எங்கள் வயல் தெரியாது, நடுவில் இன்னொரு தோப்பு மறைக்கும். கண் அந்தப் பக்கமே போனது. இப்போது தோப்பைத் தாண்டியிருக்கும், இப்போது வளைவுக்குப் போயிருக்கும் என்று மனம் ஓடிக்கொண்டே இருந்தது. எழுந்து ஓடிப் பார்த்துவிட்டு வந்துவிடலாம், ஐந்து நிமிஷம்தான். எழுந்தும்விட்டேன். அப்போதுதான் காலடியில் கரை குழைவதைப் பார்த்தேன். நண்டு வளை ஒன்று வாய் திறந்து தோப்புப் பக்கம் தண்ணீர் கொப்பளித்தது.

முழங்காலிட்டு இரண்டு கையாலும் சேற்றை அள்ளி வைத்தேன். வைக்க வைக்கக் கரைந்தது. "அம்மா!" என்று கத்தினேன். ராஜேஸ்வரி அம்மா சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு வந்து, தேங்காய் மட்டைகளை ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தார். மட்டையைத் திணித்து, மேலே சேறு வைத்து, முழங்கையால் அழுத்திப் பிடித்தேன். அந்த நேரத்தில் என் போன் பைக்குள் அடித்தது. கையை எடுக்க முடியாது.

"அண்ணனாத்தான் இருக்கும். எடுங்கம்மா, கொஞ்சம் எடுங்க."

அவர் பையைத் துழாவி, போனைத் தள்ளிப் பிடித்துப் பார்த்து, எதையோ அமுக்கினார். அண்ணன் குரல் தோப்பு முழுவதும் கேட்டது. "வந்துருச்சு பாப்பா! உள்ள வந்துருச்சு! வெடிப்புக்குள்ள போகுது, சத்தம் கேக்குதா?"

சத்தம் எதுவும் கேட்கவில்லை. காற்றும் அவர் மூச்சும்தான் கேட்டன. ராஜேஸ்வரி அம்மா போனை என் காதுப் பக்கம் நீட்டியபடி, "பாயுதாம்மா" என்றார், எனக்குக் கேட்கவில்லையோ என்று நினைத்து.

இருபது வருடத்துக்கு மேல் கேட்ட ஒன்று நடந்த நேரத்தில் நான் அங்கே இல்லை. அந்த இடத்தில் கண்ணீர் விட்டேன் என்று எழுதினால் பொய். இந்த மட்டை பிடிக்குமா, அடுத்த வளை எங்கே திறக்கும் என்றுதான் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னும் இரண்டு இடத்தில் கசிந்தது, அடைத்தோம். தோப்புக்குள் ஒரு பாத்தி அளவுக்குத்தான் நனைந்தது. ஐந்தே முக்காலுக்கு அண்ணன் வந்து, இந்த முறையில் எங்கள் பங்கு முடிந்தது என்று வாய்க்கால் தலைப்பை அடைத்த பிறகுதான் கரையை விட்டு இறங்கினேன்.

வயலுக்குப் போனபோது சூரியன் தென்னைகளுக்குப் பின்னால் போய்விட்டது. தண்ணீர் எல்லா இடத்திலும் ஏறவில்லை. வடமேற்கு மூலை மேடாக இருந்ததால் ஒரு கட்டில் அகலத்துக்குக் காய்ந்தே கிடந்தது. மற்ற இடங்களில் மண் குழைந்து, பயிர் கணுக்கால் அளவுத் தண்ணீரில் நின்றது. உள்ளே இறங்கினேன். சொல்ல வேண்டும் என்று வருடக்கணக்காக மனதில் வைத்திருந்த செபம் ஒன்று உண்டு. அதில் ஒரு சொல்லும் வரவில்லை. நன்றி என்று மட்டும் சொல்லிவிட்டு, "அந்த மூலைக்கு என்னண்ணே பண்றது?" என்று கேட்டேன். அண்ணன் சிரித்துவிட்டார்.

போக நினைக்கிறவர்களுக்கு: திருச்சியிலிருந்து எங்கள் ஊர் வரை என் வண்டி மீட்டரில் 168 கிலோமீட்டர். பெட்ரோல் 400 ரூபாய்க்குள். ஆடி முதல் புரட்டாசி வரை ஆற்றில் தண்ணீர் பார்க்கலாம், ஆனால் முறை வைத்து விடுகிற நாட்களில் சில இடங்கள் வெறுமையாக இருக்கும், விசாரித்துவிட்டுக் கிளம்புங்கள். ஐப்பசியில் வேண்டாம். மழையில் கரைச் சாலைகள் ஆபத்து. தஞ்சாவூருக்குத் தெற்கே கரையோரம் பெட்ரோல் பங்க் குறைவு, ஒரத்தநாட்டிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள். வழியில் ஆற்றில் இறங்கிக் குளிக்காதீர்கள், ஷட்டர் பக்கம் சுழல் உண்டு. பேருந்தில் போவதானால் தஞ்சாவூரிலும் பட்டுக்கோட்டையிலும் மாற வேண்டும்.

முதல் தண்ணீர் வந்துவிட்டால் பயம் போய்விடும் என்று நான் நினைத்திருந்தேன். போகவில்லை. காய்ந்த மூலை முழுவதும் செத்துவிட்டது, மற்றது பச்சை கட்டியிருக்கிறது. தண்ணீர் வரவில்லையே என்று தவித்தவள், இப்போது ஐப்பசி மழையில் மூழ்கிவிடுமோ என்று வானத்தைப் பார்க்கிறேன். கதிர் வந்தால் பூச்சி, அறுத்தால் ஈரப்பதம் என்று அண்ணன் ஏற்கெனவே சொல்லி வைத்திருக்கிறார். பயந்துகொண்டேதான் காலையில் செபமாலை சொல்கிறேன், பயந்துகொண்டேதான் வேலைக்கும் போகிறேன். பங்குச்சாமி கேட்டுக்கிட்டே இரு என்று சொன்னது இதைத்தானோ என்னவோ, நான் இன்னும் அவரிடம் கேட்கவில்லை.

போன வாரம் ஆய்வகத்தில் வரிசையில் ஆட்கள் நிற்கும்போது ராஜேஸ்வரி அம்மாவிடமிருந்து போன் வந்தது. அவர் எனக்குப் போன் செய்தது அதுதான் முதல் முறை.

"ஜெசிந்தா, அடுத்த முறை தெறந்துட்டாங்களாம். நாளைக்கு இங்க வந்துருமாம். உனக்கு லீவு கெடைக்குமா?"

"தெரியலைங்கம்மா. கேட்டுப் பாக்கணும்."

"கெடைக்கலன்னா விடு. கரையில நான் உக்காந்துக்கறேன். உங்க அண்ணன நேரா வயலுக்குப் போவச் சொல்லு."